நாலு ஓடக்காரிகள்

ஜனவரி 18

மாஸ்டர் அவர்களுக்கு,

நேத்து சாயங்காலம் மறுபடியும் போன் பண்ணீங்க. அக்கா ரிசீவரைக் கொண்டுவந்து என் காதுல வெச்சா. நீங்க பாட்டுக்கு "சாப்பிட்டியா, மருந்து போட்டியா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. நான் எப்படிப் பதில் சொல்றது? மூணு மாசத்துக்கு வாயையே திறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னப்ப நீங்களும்தானே பக்கத்துல நின்னீங்க? ஒரு தட்டு தட்டினா ஆமா, ரெண்டு தட்டினா இல்லன்னு நீங்களே ஒரு ஏற்பாடு வேற பண்ணிக்கிட்டீங்க. "என் மேல இன்னும் கோவமா?"ன்னு கேட்டப்ப நான் தட்ட ஆரம்பிச்சு நிறுத்தவே இல்லன்னு அக்கா வீடு பூரா சொல்லிச் சிரிக்கிறா.

இனிமே போன் வேண்டாம். சொல்ல வேண்டியது இருந்தா எழுதுங்க. எழுத்துலதான் நீங்க நடுவுல புகுந்து பேச முடியாது.

நான் பேசாம இருக்கிறதால சமாதானம் ஆகிட்டேன்னு நினைச்சுக்காதீங்க. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வராம நேரா அக்கா ஊருக்கு ஏன் பஸ் ஏறினேன்னு உங்களுக்கே தெரியும். இருந்தாலும் ஒரு தடவை எழுதிடறேன். நம்ம நாடகத்து நடு ஆத்துப் பாட்டோட சுருதியை நீங்க அரைக் கட்டை இறக்கினீங்க. என் தொண்டை சோர்ந்து போயிருந்தது, நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, சரி. ஆனா கிளாரினெட்காரருக்கு அன்னைக்கு மத்தியானமே தெரியும். வயலின்காரங்க எல்லாருக்கும் தெரியும். டிரம்ஸ் அடிக்கிறவருக்குச் சுருதியே கிடையாது, அவருக்குக்கூடத் தெரியும். பதினோரு வருஷமா அந்தப் பாட்டைப் பாடுறவ நான். எனக்கு மட்டும், துடுப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு அரங்கம் நிறைய ஜனங்க முன்னாடி நிக்கும்போதுதான் தெரியுது.

வந்த ஆத்திரத்துல உங்க வாத்தியக்காரங்க கீழ வாசிக்க வாசிக்க நான் பழைய சுருதியிலயே பாடினேன். தொண்டை கிழிஞ்சது. நீங்க இறக்கினது பாதி, நான் ஏத்தினது பாதி. என் பாதியை நான் பார்த்துக்கிறேன். உங்க பாதிக்கு என்ன சொல்றீங்க?

இப்ப ஓடக்காரி வேஷம் யார் கட்டுறா? எனக்கு ஒண்ணும் இல்ல, அக்கா கேட்கச் சொன்னா.

வாயில்லாப் பூச்சி


ஜனவரி 24

என் சண்டைக்காரிக்கு,

உங்க அக்காவுக்குத் திடீர்னு நாடகத்து மேல இவ்வளவு அக்கறை வந்ததுல ரொம்ப சந்தோஷம். இத்தனை வருஷத்துல ஒரே ஒரு தடவை வந்தாங்க. அன்னைக்கும் முதல் பாட்டுக்குத் தூங்கினவங்க கடைசிப் பாட்டுக்குத்தான் முழிச்சாங்க.

என் பாதிக்கு வர்றேன். தப்புதான். கேட்டா நீ ஒத்துக்க மாட்டேன்னு தெரியும், அதனால கேட்கல. கேட்காம இறக்கினா கண்டுபிடிக்க மாட்டேன்னு நினைச்சேன் பாரு, அதைவிட முட்டாள்தனம் உலகத்துல கிடையாது. பாத்திரக் கடையில ஒரு குண்டானைத் தட்டிப் பார்த்து, "இது ரெண்டு கட்டைக்குக் கொஞ்சம் கம்மி, வேண்டாம்"னு வெச்சவ நீ. உன்கிட்ட போய் அரைக் கட்டையை ஒளிச்சு வெச்சேன்.

கிளாரினெட்காரரைத் தூது அனுப்பலாமான்னு ஒரு யோசனை வந்துச்சு. சாட்சிக்காரன் கால்ல விழுறதுக்குச் சண்டைக்காரி கால்லயே விழுந்துடலாம்னு நேரா எழுதிட்டேன்.

உனக்கு முடியாத நாள்ல ஏறுறதுக்குன்னு ஒரு பொண்ணு ஓரத்துல நின்னுக்கிட்டே இருப்பாளே, குள்ளமா, எப்பப் பார்த்தாலும் மூக்கை உறிஞ்சிக்கிட்டு? அவதான் இப்ப ஓடக்காரி. சுமார் ரகம். உன் கால் தூசிக்குக் காணாது. ஜனங்க டிக்கெட் வாங்குற இடத்துலயே "அந்த அம்மா இல்லையா"ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போறாங்க.

வீட்டுல ஒரு குறையும் இல்ல. பழக்கத்துல ரெண்டு தம்ளர் எடுத்து வெக்கிறேன். ஒண்ணுதான் அழுக்காகுது.

உன் மாஸ்டர்


பிப்ரவரி 2

மாஸ்டருக்கு,

"கால் தூசிக்குக் காணாது." ஆஹா. கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க எழுதினதெல்லாம் இந்த ரகம்தான். அப்ப ஏமாந்தேன், வயசு அப்படி. இப்பவும் அதே மருந்தா?

என் நாள் எப்படிப் போகுதுன்னு கேளுங்க. அக்காவோட மூக்குக் கண்ணாடிக் கடையில உட்கார்ந்திருக்கேன். மாமா உள்ளே கண்ணாடியைத் தேய்க்கிறார், அக்கா கல்லாவுல. பார்வை சோதிக்கிற பலகை பக்கத்துல ஒரு குச்சியோட நான் நிக்கிறேன். எழுத்தைக் காட்டணும், வர்றவங்க படிக்கணும். நான் பேசலன்னதும் எனக்குக் காதும் கேட்காதுன்னு முடிவு பண்ணிடுறாங்க. நேத்து ஒரு பெரியம்மா என் காதுகிட்ட வந்து, "தூரத்துல தெரியுதும்மா, கிட்டத்துல தெரியலம்மா"ன்னு கத்தினாங்க பாருங்க, அது சுத்தமான அஞ்சு கட்டை. கம்பெனியில சேர்த்துக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். யார் சுமார், யார் ஒசத்தின்னு நான் கேட்கல. நடு ஆத்துல அவ என்ன பண்றான்னு கேட்கிறேன்.

உங்களுக்குத் தெரியாததா? இருந்தாலும் சொல்றேன். ஓடக்காரியோட புருஷனைப் படகைக் கவிழ்த்துக் கொன்னவன் ஒருத்தன். பல வருஷம் கழிச்சு, புயல் வர்ற சாயங்காலம், அவளை யாருன்னே தெரியாம வந்து தனியா அவ படகுல உட்காருறான். அவனுக்கு நீச்சல் தெரியாது. நடு ஆறு. அவ துடுப்பைத் தூக்குறா. பாட்டு முழுக்கத் தூக்கின கையோட நிக்கிறா. அப்புறம் துடுப்பைத் தண்ணியில போட்டு அவனைக் கரை சேர்க்கிறா. ஏன்? வசனத்துல எங்கயாவது இருக்கா? பாட்டுல இருக்கா? கிடையாது. அதை நடிக்கிறவதான் சொல்லணும்.

நான் சொன்னது கோவம். செத்துட்டா அவனுக்கு விடுதலை. உயிரோட இருந்து, யார் படகுல வந்தோம்னு தெரிஞ்சு, ஒவ்வொரு ராத்திரியும் நடுங்கணும். அதுக்காகத்தான் நான் அவனைக் கரை சேர்த்தேன். கடைசி சரணத்துக்கு முன்னாடி அத்தனை நேரம் மூச்சை அடக்கிட்டு நின்னதும் அதுக்காகத்தான்.

குள்ளப் பொண்ணு ஏன் சேர்க்கிறா? அதை எழுதுங்க. நிஜத்தை எழுதறதா இருந்தா எழுதுங்க. இல்லன்னா தபால்தலையை வீணாக்காதீங்க.


பிப்ரவரி 17

சண்டைக்காரி,

உத்தரவு. நிஜம்தான் இனிமே.

குள்ளப் பொண்ணு அழுதுக்கிட்டே சேர்த்தா. துடுப்பைத் தூக்கும்போதே கண்ணுல தண்ணி. அவனை மன்னிச்சுட்டாளாம். டைரக்டர்கிட்ட அவளே சொன்னா. மன்னிக்கிறதுன்னா சும்மாவா, முதல்ல கொஞ்சமாவது கோவம் இருந்தாத்தானே மன்னிக்க முடியும்? ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். முதல் காட்சியில, புருஷன் ஞாபகமா அவனோட தொப்பியைத் தான் போட்டுக்கிட்டுப் பாடுவாளே, அங்க முன்வரிசையில கைக்குட்டை எடுக்காத ஆள் இல்ல. நீ அங்க சிரிச்சுக்கிட்டேதான் பாடுவே. ரெண்டும் சரிதான்னு இப்பத் தோணுது.

"தோணுதா? இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"ன்னு நீ கேட்கிறது இங்க கேட்குது.

அவ போயிட்டா. ஏன் போனான்னா அதுக்கு நான்தான் காரணம். கடைசி சரணத்துக்கு முன்னாடி நீ மூச்சை அடக்கி நிப்பியே, அங்க நானும் வாத்தியக்காரங்களுக்குத் தாளம் காட்டுற குச்சியைத் தூக்கிட்டு நிப்பேன். உன் தோள் ஏறினதும் இறக்குவேன். கை அப்படியே பழகிப் போச்சு. அந்தப் பொண்ணு பாட்டுத் தாள்ல எழுதியிருக்கிறபடி நேரத்துக்குப் பாட ஆரம்பிச்சா. நான் குச்சியைத் தூக்கினபடி நிக்கிறேன். வாத்தியக்காரங்க என்னையே பார்க்கிறாங்க. அவ தன்னந்தனியா, ஒரு வயலின்கூட இல்லாம, அந்தரத்துல பாடிக்கிட்டு இருக்கா. ஒரு நாள் இல்ல, மூணு நாள். மூணாம் நாள் மேடையிலயே நிஜமா அழுதுட்டா. ஜனங்க பிரமாதம்னு கைதட்டினாங்க.

முதலாளி கூப்பிட்டு, "மாஸ்டர், யாருக்காக நிக்கிறீங்க? வண்டி போய் எவ்வளவு நாளாச்சு"ன்னாரு.

இப்ப ரெண்டாமவ வந்திருக்கா. வாத்தியக்காரங்க அவளுக்கு வெச்சிருக்கிற பேர் வெண்கலம். குரல் அப்படி. கதவு, ஜன்னல், முதலாளியோட பொய்ப்பல் எல்லாம் ஆடுது. ஆனா படகுல நிக்கிறவ மாதிரியே இல்ல, கல்யாண மேடையில போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறா. ஏன் அவனைக் கரை சேர்க்கிறான்னு கேட்டியே, பாட்டு முடிஞ்சுது, அதனால சேர்க்கிறா. வேற காரணம் இல்ல. அவளுக்கு நான் காத்திருந்தா என்ன, காத்திருக்காட்டி என்ன, அவ பாட்டுக்குப் போறா. நாங்கதான் பின்னாடி ஓடிப் பிடிக்கிறோம்.

அந்த இடம் வரும்போது எனக்கு இன்னும் கை இறங்க மாட்டேங்குது.


பிப்ரவரி 23

உங்களுக்கு,

கடையில உட்கார்ந்து படிச்சேன். பொய்ப்பல் ஆடுதுங்கிற இடத்துல சத்தம் வராம சிரிக்கிறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? மாமா பயந்துபோய்த் தண்ணி கொண்டுவந்தார்.

எனக்கப்புறம் அதுக்குள்ள ரெண்டு பேரைக் கட்டிக்கிட்டீங்க. நடக்கட்டும்.

ஆனா அந்தப் பொண்ணை அந்தரத்துல விட்டீங்களே, பாவம். அது எனக்குப் பெருமையா இருக்கும்னு நினைச்சு எழுதினீங்களா? கொஞ்சம் இருந்துச்சு. ரெண்டு தடவை படிச்சேன், ஒரு தடவை பெருமையா, ஒரு தடவை வெட்கமா. கையை இறக்குங்க. நான் அங்க இல்ல. நான் இங்க குச்சியைப் பிடிச்சுக்கிட்டு "அடுத்த வரி"ன்னு காட்டிக்கிட்டு இருக்கேன்.

அந்தத் தொப்பிப் பாட்டுல நான் சிரிச்சது சரியில்லையோன்னு நாலு நாளா யோசிச்சுட்டு, சரிதான்னு முடிவு பண்ணிட்டேன். செத்தவனோட தொப்பியைப் போட்டுக்கிட்டு அழுறது யாரும் பண்ணுவாங்க.

ராத்திரியில உங்க குறட்டை இல்லாம நல்லாத் தூங்குறேன்னு எழுதலாம்னு நினைச்சேன். நிஜத்தை எழுதணும்னு நானே சட்டம் போட்டதால எழுதல.


மார்ச் 15

என் சண்டைக்காரிக்கு,

இந்தக் கடிதத்தை ரெண்டு தடவை எழுதிக் கிழிச்சேன். நிஜம் கேட்டவ நீ. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது.

வெண்கலத்துக்கு வேற கம்பெனியில பெரிய இடம் கிடைச்சுப் போயிட்டா. மூணாமவ வந்திருக்கா. நாற்பது தாண்டினவ, ரெண்டு பிள்ளைங்க. இத்தனை நாள் ரேடியோவுல சோப்பு விளம்பரம், தலைவலித் தைலம் விளம்பரம் பாடிக்கிட்டு இருந்தவ. சாதாரணக் குரல். உன் மேல்ஸ்தாயி அவளுக்குக் கனவுலகூட வராது. ஒத்திகையில முதல் நாள் பார்த்துட்டு, போச்சுடா, கம்பெனியை மூடிட வேண்டியதுதான்னு நானும் கிளாரினெட்காரரும் டீ குடிக்கப் போயிட்டோம்.

மூணாம் நாள் ஒத்திகையில நடு ஆறு. அதே இடம். என் கை அதே மாதிரி மேல நின்னுடுச்சு. அவ பாட ஆரம்பிக்கல. என்னைப் பார்த்தா. "மாஸ்டர், இங்க யாருக்காகக் காத்திருக்கீங்க?"ன்னு கேட்டா. முதலாளி கேட்ட அதே கேள்விதான், ஆனா திட்டுற மாதிரி கேட்கல. உங்களுக்கு முன்னாடி பாடினவங்க ஒருத்தர் இங்க மூச்சை அடக்கி நிப்பாங்கன்னேன். "அப்ப இந்த இடத்தை எடுத்துடாதீங்க, எனக்கு வேணும்"னா.

அந்த இடத்துல அவ என்ன பண்றா தெரியுமா? துடுப்பைத் தூக்கி நிக்கிறா. கை வலிக்குது. நிஜமாவே வலிக்கிற மாதிரி, இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்துறா. காலியான உள்ளங்கையை வாயால ஊதிக்கிறா. ஊதும்போது அவனைப் பார்க்கல. எதிர்க்கரையைப் பார்க்கிறா. அங்க ஆளுங்க நிக்கிறாங்க, படகுக்காகக் காத்திருக்காங்க, பொழுது வேற சாயுது. அவ்வளவுதான். துடுப்பைத் தண்ணியில போடுறா. மன்னிக்கல, பழி வாங்கல. அவனுக்காகவே அவ கரைக்குப் போகல. அங்க நிக்கிறவங்களைக் கூட்டிட்டு வரணும், அதனால போறா. போற வழியில இவன் பிழைச்சுக்கிறான்.

கடைசி சரணத்தை ஏறக்குறைய பேச்சாவே பாடிட்டா.

நீ நடு ஆத்துல நிக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும். இது அப்படி இல்ல. இது வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழட்டி மாட்டும்போது, மாட்டின கையோட அப்படியே நிக்க வைக்குது. அந்த ஒரு இடத்துல அவ உன்னைவிட மேல. எழுதிட்டேன்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு மத்தியானக் காட்சியோட நாடகத்தை நிறுத்தப் போறாங்களாம். அதுக்கப்புறம் இந்த ஓடக்காரி எங்கயும் இருக்க மாட்டா.

எப்ப வர்றேன்னு கேட்கல. கேட்கலன்னு எழுதறதும் கேட்கிறதுதான்னு நீ சொல்லுவ.


மார்ச் 21

மதிப்பிற்குரிய மாஸ்டர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மகிழ்ச்சி. இங்கு அனைவரும் நலம்.


மார்ச் 26

அடியே,

திட்டு. கிழி. "போய் அவளையே கட்டிக்கோங்க"ன்னு எழுது. இந்த "அனைவரும் நலம்" வேண்டாம். மின்சார வாரியத்துல இருந்து வர்ற கடிதம்கூட இதைவிடப் பாசமா இருக்கும்.

நான் என்னதான் பண்றது? பொய் சொன்னா தபால்தலை வீண். நிஜம் சொன்னா நான் மதிப்பிற்குரியவனாயிடுறேன். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருந்தா சொல்லிக்கொடு, அதுல நடக்கிறேன். கிளாரினெட்காரர் மூஞ்சியைப் பார்த்துட்டு, "என்ன மாஸ்டர், கப்பல் கவிழ்ந்த மாதிரி இருக்கீங்க"ன்னு கேட்டார். கப்பல் இல்லய்யா, படகுன்னு சொன்னேன். சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல.

எழுது.


ஏப்ரல் 6

உங்களுக்கு,

கடிதம் வந்த அன்னைக்கு உங்க மேல எனக்கு வந்த கோவம் இந்த ஊர் தாங்காது. உள்ளங்கையை ஊதுறதாம்! பதினோரு வருஷம் என் கையும்தான் வலிச்சுது. வலிக்கிறது தெரியக் கூடாதுன்னு நான் பல்லைக் கடிச்சுட்டு நின்னேன். அவ அதையே எடுத்து வெளியில காட்டிட்டா. எனக்கு ஏன் தோணல? அந்த நினைப்புல மூணு நாள் சோறு இறங்கல. வர்றவங்களுக்கெல்லாம் கீழ்வரியையே காட்டிக்கிட்டு இருந்தேன். அரை ஊருக்கு இப்பத் தப்பான கண்ணாடி.

அப்புறம் அந்தத் துடுப்பு மாதிரி ஒரு ஒட்டடைக் கொம்பை எடுத்து, கதவைச் சாத்திட்டு, கை மாத்தி ஊதிப் பார்த்தேன். அவ சொல்றது சரி. பாவி, அவ சொல்றதுதான் சரி.

ஆனா அந்தக் கோவம் தீர்ந்தப்புறமும் நான் எழுதாம இருந்ததுக்கு அது காரணம் இல்ல. அதை எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன், சுத்திச் சுத்தி வர்றேன்.

போன வாரம் டாக்டர் பேசலாம்னுட்டார். முதல்ல அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா திரும்பிப் பார்த்துட்டு, கடைக்கு யாரோ வந்திருக்காங்கன்னு வாசலுக்குப் போனா. நான்தான்னு அவளுக்குத் தெரியல. கூடப் பிறந்தவளுக்கே தெரியல. தகர டப்பாவுல கல்லைப் போட்டு ஆட்டினா எப்படி இருக்கும், அப்படி ஒரு குரல். நடுவுல நடுவுல அதுவும் நின்னு, வெறும் காத்து வருது. இனிமே இதுதான், இதுக்கு மேல தேறாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். பாட்டைப் பத்திக் கேட்டேன். மருந்துச் சீட்டு எழுத ஆரம்பிச்சுட்டார்.

மேடை போனா போகட்டும். அதுக்கு அழுது முடிச்சாச்சு. உங்க காதை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு. பக்கத்து வீட்டுல அழைப்பு மணியோட சுருதி சரியில்லன்னு சண்டைக்குப் போன மனுஷன் நீங்க. அந்தக் காதுகிட்ட உட்கார்ந்து ஆயுசு பூரா நான் இந்தக் குரல்ல "டீ ஆறுது, குடிங்க"ன்னு சொல்லணும். நீங்க முகம் சுளிக்க மாட்டீங்க. நல்லவர். சுளிக்காம இருக்கப் பாடுபடுவீங்க. அதை என்னால பார்க்க முடியாது.

என்னை இங்கயே விட்டுடுங்க. கிளம்பி வந்துடாதீங்க. எழுதுங்க, போதும். எழுத்துல என் குரல் பழைய மாதிரியே இருக்கு.


ஏப்ரல் 12

என் சண்டைக்காரிக்கு,

உன் குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லன்னு எழுதினா நீ நம்ப மாட்டே. பரவாயில்லன்னு இல்ல. உன் கடிதத்தைப் படிச்சுட்டு மாடிப்படியிலயே உட்கார்ந்துட்டேன். மேல போறவங்க வர்றவங்க எல்லாம் என்னைத் தாண்டிப் போனாங்க.

பாட்டுக்கு ஆள் கிடைச்சாச்சு. ஒண்ணுக்கு மூணு பேர் வந்தாங்க, ஒருத்தி அழுதா, ஒருத்தி முழங்கினா, ஒருத்தி உன்னையே மிஞ்சினா. நாடகம் நிக்கல. நீ இல்லன்னா திரை ஏறாதுன்னு நினைச்சேன், ஏறிடுச்சு. சண்டைக்குத்தான் ஆள் கிடைக்கல. நான் ஏதாவது தப்பாச் சொன்னா "அது எப்படி?"ன்னு கேட்க வீட்டுல யாரும் இல்ல. சொன்னதெல்லாம் சரின்னு ஆகிப்போச்சு. ஒரு மனுஷன் சொல்றதெல்லாம் சரியாவே இருந்தா அவன் என்னத்துக்கு ஆவான்?

டீ ஆறித்தான் போகுது. சொல்ல ஆள் இல்லாம தினமும் ஆறின டீதான் குடிக்கிறேன்.

வராதேன்னு சொன்னே, வரல. இதுவரைக்கும் உன்னைக் கேட்காம செஞ்சது போதும்.


ஏப்ரல் 28, ஞாயிறு, அரங்கத்து முன்கூடம்

என்னங்க,

இதை வாசல்காரர் உங்க கையில கொடுப்பார். அவரும் என்னை அடையாளம் தெரியாமத்தான் உள்ள விட்டார். டிக்கெட் கொடுங்கன்னு கேட்ட குரலை யாரோ வியாபாரின்னு நினைச்சிருப்பார். அப்புறம் முகத்தைப் பார்த்துட்டு, "அம்மா!"ன்னு கத்தப் போனார். நான்தான் வாயைப் பொத்தினேன்.

மத்தியானக் காட்சியைக் காசு கொடுத்துப் பார்த்தேன். ஏழாவது வரிசை, ஓரத்து நாற்காலி, முன்னாடி உட்கார்ந்தவர் தலை பெருசு. திரை ஏறினதும் ஓடக்காரி துடுப்போட வந்தா. எனக்கு அப்பத்தான் உறைச்சுது. பதினோரு வருஷம் அவளுக்குள்ள இருந்திருக்கேன், அவளை நான் பார்த்ததே இல்ல. எவ்வளவு தனியா இருக்கா அவ! படகு எவ்வளவு சின்னது! மேடையில நிக்கும்போது அது எனக்குப் பெருசாத்தான் தெரிஞ்சுது. அவ முதல் வரி பாடினதுமே அழ ஆரம்பிச்சுட்டேன். பக்கத்துல இருந்த அம்மா, "இன்னும் சோகமே வரலயேம்மா"ன்னு கைக்குட்டை கொடுத்தாங்க.

தொப்பிப் பாட்டுல நான்தான் மேல. அதுல சந்தேகமே வேண்டாம். நடு ஆத்துல அவதான். எழுத்துல படிச்சப்ப எரிஞ்சுது, கண்ணால பார்த்தப்ப எரியல. அவ உள்ளங்கையை ஊதினா, எனக்கு என் கை வலி விட்டுது. காட்சி முடிஞ்சு அவ வேஷத்தோடயே வெளியில வந்ததும் அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். அவளுக்கு நான் யாருன்னு தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். கையை ரொம்ப நேரம் விடல.

இது எல்லாம் நாடகத்தைப் பத்தி. உங்களைப் பத்தி ஒண்ணு.

மேடையில நின்னவளுக்குத்தான் நீங்க முகம். சீட்டுல உட்கார்ந்தவங்களுக்கு நீங்க முதுகு. இன்னைக்குத்தான் அந்த முதுகைப் பார்த்தேன். மேடைக்குக் கீழே வாத்தியக்காரங்க உட்காருற அந்தப் பள்ளத்துல, சட்டைக் காலர் பிஞ்சு, முடி வெட்டாம, ஒரு தோள் கொஞ்சம் இறங்கி. ரெண்டரை மணி நேரம் அந்த முதுகையே பார்த்துட்டு இருந்தேன். ஒரு தடவை திரும்ப மாட்டீங்களான்னு இருந்துச்சு. பாட்டு நடக்கும்போது திரும்ப முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் இருந்துச்சு. பாடத் தெரிஞ்சவளுக்கு மட்டும்தான் உங்க முகம்னு ஆகிட்டா நான் எங்க போவேன்னு நினைச்சேன். அப்புறம், நான் பாடுறவளா இருந்ததால மட்டும் அந்த முகத்தைப் பார்க்கல, அந்த வீட்டுல இருக்கிறவளாவும்தானே பார்த்தேன்னு தோணுச்சு.

சுருதி சேரலன்னா உங்க இடது புருவம் ஏறும். உங்களுக்கே தெரியாது. பதினோரு வருஷம் மேடையில இருந்து பார்த்தவளுக்குத் தெரியும். இப்ப நான் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடப் போறேன். என் வாயால இதுவரைக்கும் கூப்பிட்டதில்ல, மாஸ்டர்னும் என்னங்கன்னும்தான். இந்தக் குரலுக்காவது ஒரு புது வார்த்தை வேணும். புருவம் ஏறினா ஏறட்டும். ஏறாத மாதிரி மட்டும் நடிக்காதீங்க, நடிப்புல நம்ம வீட்டுல நான் ஒருத்தி போதும். ஏறட்டும், நான் கூப்பிட்டு முடிக்கிற வரைக்கும் போகாம நில்லுங்க.

பக்கவாசல்ல நிக்கிறேன். சீக்கிரம் வாங்க. பெட்டி கனமா இருக்கு, நீங்கதான் தூக்கணும்.